வெள்ளை டாங்க்

நெரிமா, தோக்கியோ
1987 மே 11

நிராசாகிக்கு,

இளந்தளிர் காலம், இதமான காற்று, வீட்டில் எல்லோரும் நலமா என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும். உனக்கு அதெல்லாம் அதிகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் இருபதாம் தேதி, பக்கங்கள் அச்சுக்குப் போக மூன்றே நாள் இருக்கும்போது, ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு ஊருக்கு ரயிலேறினாய். போனால் போகட்டும். ஆனால் என் ஸ்டூடியோ அலமாரியில் இருந்த ஒன்பது பெட்டி ஸ்லைடுகளையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாயே, அதற்கு என்ன பெயர்? பந்தய வண்டிகளின் படங்கள் அத்தனையும் அவற்றில்தான் இருக்கின்றன. உடனே பார்சலில் அனுப்பு.

எதற்காக இவ்வளவு கோபம் என்று எடிட்டர் நுமாதா கேட்கிறார். என்ன சொல்வேன்? பத்திரிகைப் பேட்டியில் உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி சொன்னேன், அதற்குத்தான் கோபம் என்றேன். அவர் நம்பவில்லை. "பாராட்டினதுக்காடா ஒருத்தி வேலையை விட்டுப் போவா?" என்கிறார்.

உனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகையில் என் படக்கதை 'பதினேழாம் வளைவு' ஏழு வருடமாக ஓடுவது நீ வரைந்த நட்டுக்கும் போல்ட்டுக்கும் இல்லை. கதாநாயகன் தத்சுமி தோற்றுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவன் முகத்தைப் பார்த்துப் பையன்கள் அழுகிறார்களே, அதற்காக ஓடுகிறது. அந்த முகத்தை வரைவது நான். நீ முகம் வரைந்து நான் பார்த்திருக்கிறேன். அவித்த உருளைக்கிழங்குக்கு இரண்டு கண் வைத்த மாதிரி இருக்கும். இரும்பு வரைய ஆள் கிடைப்பார்கள். இரண்டு பேரைப் போட்டுமாகிவிட்டது. உன் நாற்காலியில் இப்போது பூனை தூங்குகிறது, அதுவும் உன்னைவிடக் குறைவாகத்தான் முறைக்கிறது.

உஷியாமா தெய்ஜி

பி.கு.: சாய்ந்து போகும் வண்டியின் பின் டயரை வரைய எந்த நீள்வட்டத் தகட்டை வைப்பாய்? இருபத்தைந்து டிகிரியா, முப்பதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


ஹமாமத்சு
மே 16

உஷியாமா சென்செய் அவர்களுக்கு,

உங்களை ஊரே சென்செய் என்று கூப்பிடுகிறது, ஆகையால் நானும் எழுதிவிட்டேன். இதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்லைடுகள் என்னுடையவை. என் கேமரா, என் ஃபிலிம், கொட்டுகிற மழையில் வேலிக் கம்பியில் தொங்கி நான் எடுத்தவை. அந்த நேரத்தில் நீங்கள் ஹோட்டல் அறையில் யுகாத்தா அங்கியை மாட்டிக்கொண்டு விலாங்குச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். "சத்தம் ரொம்ப இருக்கு, தலை வலிக்குது, நீ போய் எடுத்துட்டு வா" என்றீர்கள். ஏழு வருடத்தில் ஒரு பந்தயத்தைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்தவரில்லை நீங்கள்.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஓவியர்கள் வாரம் ஒரு வரி எழுதுகிற மூலை இருக்கிறதே, அதைப் பற்றியும் பேசலாமா? "ஞாயிறு காலை ஹகோனே மலைப்பாதையில் ஒரு சுற்று. எஞ்சின் பாடியது." நீங்கள் எழுதியதுதான். உங்களுக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸே கிடையாது. உங்களிடம் இருப்பது முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். அதிலும் மேடு வந்தால் இறங்கித் தள்ளுவீர்கள். ஹகோனேவுக்குப் போனது ரயிலில், பக்கத்து சீட்டில் நான், மடியில் முட்டை சாண்ட்விச். எஞ்சின் எங்கே பாடியது?

இப்போது அந்த "நல்லதாக ஒரு வரி". நீங்கள் மறந்திருப்பீர்கள், எனக்கு மனப்பாடம். "ஒவ்வொரு போல்ட்டையும் நானே வரைகிறேன். ஸ்டூடியோவில் ஒரு பெண் இருக்கிறாள், அருமையாக டீ போடுவாள்."

அதை என் அப்பா எங்கே கேட்டார் தெரியுமா? ஒகாபே சலூனில், முகம் முழுக்க சோப்பு நுரையோடு. ஒகாபேதான் சத்தமாக வாசித்தானாம். "என்ன நிராசாகி, உம் பொண்ணு நல்லா டீ போடுமாமே! புஸ்தகத்துலயே போட்டுட்டான்!" அங்கே உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள். அப்பா முப்பத்தோரு வருடம் அசெம்பிளி வரிசையில் நின்று மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியைப் பொருத்தியவர். ஆக்ஸிலேட்டர், முன் பிரேக், அவ்வளவுதான் அவர் வேலை. "எம் பொண்ணு வண்டி வரையுறா" என்று ஏழு வருடமாக அந்த ஆறு பேரிடமும் சொல்லி வந்தவர். வீட்டுக்கு வந்தார், பாதி முகம் சவரம் செய்யாமல்.

உங்கள் வீட்டில் நான் ஒருநாள்கூட அடுப்பைப் பற்றவைத்ததில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வாரப் பக்கங்களைச் சேர்த்துப் புத்தகமாக அடுத்து வரப்போகும் முப்பத்தைந்தாம் தொகுதியின் முதல் பக்கத்தில் "வண்டிகள்: நிராசாகி சயோ" என்று அச்சாக வேண்டும். அது வரட்டும், ஒன்பது பெட்டியையும் நானே கொண்டுவந்து தருகிறேன். அதுவரை தர மாட்டேன்.

வெறும் கையோடு அனுப்பினால் பாவம் என்று ஒரே ஒரு ஸ்லைடு வைத்திருக்கிறேன். எண் 58 வண்டி, கடைசி வளைவில், தரையைத் தொடுகிற சாய்வு. பிச்சை போட எனக்குப் பிடிக்கும்.

நிராசாகி சயோ

பி.கு.: டயருக்குத் தகடே வைப்பதில்லை. கையால் போடுவேன்.


நெரிமா
ஜூன் 2

நிராசாகிக்கு,

பெயரா? பெயர் வேண்டுமாம் பெயர்! அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும். சூஷிக் கடையில் மீன் வெட்டுகிறவனுக்குத்தான் பெயர்ப்பலகை. அரிசி கழுவுகிறவனும் பலகை கேட்டால் கடை விளங்குமா? நான் இருபது வயதில் ஒருவரிடம் ஆறு வருடம் புல்லும் மேகமும் வரைந்தேன். என் பெயர் எங்கேயாவது வந்ததா? வாயைத் திறந்தேனா?

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ ரொம்ப சாமர்த்தியசாலி என்று உனக்கு நினைப்பு. தத்சுமியின் எண் 58 வண்டியில், முன்சக்கரத்தைத் தாங்கும் இடது ஃபோர்க்கில், எண்ணெய்க் கம்பெனி ஸ்டிக்கருக்குக் கீழே, எறும்பு அளவுக்கு "சயோ" என்று எழுதி வைப்பாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? எட்டாவது வாரம் நீ முதன்முதலாக எழுதிய அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் நீ வீட்டுக்குப் போன பிறகு வெள்ளை மைப் புட்டியைத் திறந்து, மெல்லிய தூரிகையால் அதை மூடிவிட்டுத்தான் பக்கங்களை அச்சுக்கு அனுப்பினேன். முந்நூற்று நாற்பது வாரம். ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. சோம்பேறி என்று என்னைச் சொல்வாயே, இதைச் சோம்பேறி செய்வானா?

உன் பிச்சைக்கு நன்றி. அந்த ஸ்லைடை வைத்தே இந்த வார இரட்டைப் பக்கத்தைப் போட்டாயிற்று. யார் உதவியும் இல்லாமல் நானே புரொஜெக்டரில் போட்டு, நானே கோடு பிடித்தேன். ஒரு வண்டி, பக்கம் முழுக்க. திங்கள்கிழமை கடையில் வாங்கிப் பார். பார்த்துவிட்டு, இரும்பு வரைவது பெரிய வித்தை என்ற நினைப்பை விட்டுவிடு.

உஷியாமா


ஹமாமத்சு
ஜூன் 10

சென்செய்,

வாங்கினேன். பார்த்தேன். இரண்டு நாள் சிரித்துவிட்டு இப்போதுதான் எழுத உட்கார்கிறேன்.

ஸ்லைடைத் திருப்பி வைத்துவிட்டீர்கள்.

இன்னும் புரியவில்லை, இல்லையா? நிதானமாகச் சொல்கிறேன். ஸ்லைடுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பின்பக்கமாக வைத்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகிவிடும். 58 என்ற எண்ணை மட்டும் நீங்கள் நேராக எழுதிவிட்டீர்கள். மற்றதெல்லாம் தலைகீழ். உலகச் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டி போடுகிற தத்சுமி இடது கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு, இடது கையாலேயே முன் பிரேக்கையும் பிடிக்கிறான். உலகத்தில் எந்தக் கம்பெனியும் அப்படி ஒரு வண்டியைச் செய்ததில்லை. மளிகைக் கடை மொபெட்டில்கூட ஆக்ஸிலேட்டர் வலது கையில்தான். ஒருநாளாவது ஒரு வண்டியைத் தொட்டவனுக்கு இது தப்பாது. கூடை வைத்த சைக்கிளில் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

அப்பாவிடம் காட்டினேன். வலது கையைக் காற்றில் நீட்டி முறுக்கிப் பார்த்தார், அப்புறம் இடது கையை. "ஏம்மா, நான் முப்பத்தோரு வருஷமா தப்பான பக்கத்துலயா மாட்டிக்கிட்டு இருந்தேன்?" என்றார். சிரித்த சிரிப்பில் பல் செட்டைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சலூன் விஷயத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கு மட்டும் உங்களுக்கு நன்றி.

இனி சிரிப்பில்லை.

அந்த வெள்ளை மை விஷயத்தைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அச்சில் என் பெயர் காணாமல் போவதைப் பார்க்காமல் இல்லை. சின்ன எழுத்து, மை அடைத்துக்கொண்டது, மட்டமான காகிதம் என்று ஏழு வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்து, நிதானமாக, தூரிகை எடுத்து அழிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் அற்பர் என்று தெரியும். இவ்வளவு உழைப்பாளியான அற்பர் என்று தெரியாமல் போயிற்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எறும்பெழுத்து ரகசியத்தை அப்பா ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். "இடது ஃபோர்க்கைப் பாருங்கப்பா, நான் அங்கதான் இருக்கேன்." முப்பத்து நான்கு தொகுதியும் வாங்கினார். ஸ்டேஷன் எதிர்க் கடையில் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார். ஒவ்வொரு தொகுதியும் வந்தால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தேடுவார். இருபதாம் தொகுதியோடு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். "கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா, ஆனா இருக்கும், இருக்கும்" என்பார். கோளாறு தன் கண்ணில்தான் என்று என் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

போகட்டும். ஒரு மாத இதழில் என் முப்பத்திரண்டு பக்கக் கதையை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வருகிறது. அட்டையில் என் பெயர் இருக்கும். வெள்ளை மையோடு அந்த அச்சகத்துக்குப் போக நினைத்தால், யோகொஹாமா லைனில் மூன்றாவது ஸ்டேஷனில் இறங்குங்கள்.

சயோ


நெரிமா
ஜூலை 1

நிராசாகிக்கு,

உன் கதையைப் படித்தேன். நின்றுகொண்டே, கடையிலேயே. வாங்கத் தோன்றவில்லை.

முப்பத்திரண்டு பக்கத்திலும் உன் கதாநாயகன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லையே, ஏன்? பந்தயத்தில் சரி. தோற்றுவிட்டு அம்மாவுக்கு ஃபோன் பண்ணும்போதும் ஹெல்மெட்டா? ராமென் கடையில் உட்கார்ந்திருக்கிறான், முன்னால் கிண்ணம் ஆவி பறக்கிறது, தலையில் ஹெல்மெட்! எந்த வழியாகச் சாப்பிடுவான்? காதலியும் ஹெல்மெட், எதிரியும் ஹெல்மெட், மெக்கானிக் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறான். வண்டிகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. மனிதர்கள் வண்டியில் ஏற்றிய மூட்டைகள். வாசகர்கள் ஓட்டுப் போடும் அட்டைகளில் கடைசியிலிருந்து மூன்றாவது இடம் என்று நுமாதா விசாரித்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. உன் அளவுக்கு எனக்குக் கேவலமான புத்தி கிடையாது. கொஞ்சம் சிரித்தேன்.

என் நிலைமையும் உனக்குத் தெரிந்திருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு இதழிலும் ஓர் அட்டை இருக்கும், பிடித்த மூன்று கதைகளை எழுதிப் பையன்கள் தபாலில் போடுவார்கள், அதை எண்ணித்தான் எங்கள் தலையெழுத்து. நீ போகும்போது மூன்றாவது இடத்தில் இருந்தோம். இடது கை ஆக்ஸிலேட்டர் வந்த வாரம் பதினொன்று. போன வாரம் பதினாறு. புதிதாக வந்த இருவர் வரைகிற வண்டி சலவை இயந்திரத்துக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது. நேற்று நுமாதா வந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே சொன்னார். "உஷியாமா, நாலு வாரத்துல முடிச்சுக்கப்பா. அடுத்த ஆளு ரெடியா இருக்கான்."

ஏழு வருடம். தத்சுமியைக் கடைசிப் பந்தயத்துக்குக் கொண்டுவர ஏழு வருடம் ஆயிற்று. பதினேழாம் வளைவு என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பதினேழாம் வளைவில் அவனைச் சலவை இயந்திரத்தில் உட்காரவைத்து அனுப்ப என்னால் முடியாது.

கூட வந்திருக்கும் அட்டை உறையைத் திறந்து பார். இரட்டைப் பக்கம், மூலப் பிரதி. தத்சுமியும் அவன் எதிரியும் கடைசி வளைவில். முகம், தோள், முழங்கை, முழங்கால், கண்ணாடிக்குப் பின்னால் கண்கள், எல்லாம் முடித்துவிட்டேன். வண்டிகள் மட்டும் இல்லை. இரண்டு பேரும் காற்றில் குந்தியிருக்கிறார்கள். கீழே வெற்றுத் தாள். நானும் வரைந்து பார்த்தேன். மூன்று தடவை அழித்தேன், தாள் பஞ்சு விட்டுவிட்டது, நாலாவது தாள் இது.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. பேரம் பேசுகிறேன். தொகுதியில் பெயர் போட முடியாது, அது அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். ஆனால் 58-இன் பெட்ரோல் டாங்கில் ஏழு வருடமாக "ஒகாமி ரேசிங்" என்று டீமின் பெயர் இருக்கிறதே, அந்த இடத்தில் உன் பெயரை எழுதிக்கொள். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும். ஏதோ ஒரு விளம்பரதாரர் என்று வாசகர்கள் நினைத்துக்கொள்வார்கள். வெள்ளை மைப் புட்டியைத் தொடமாட்டேன், என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன். ஒன்பதாம் தேதிக்குள் வந்தாக வேண்டும்.

இன்னொரு தாளில் ஒரு முகம் வைத்திருக்கிறேன். தோற்றவன் ஹெல்மெட்டைக் கழற்றினால் எப்படி இருப்பான் என்று உன் கதாநாயகனுக்காகப் போட்டது. பிச்சை போட எனக்கும் பிடிக்கும்.

உஷியாமா


ஹமாமத்சு
ஜூலை 8

சென்செய்,

பக்கம் இதோடு வருகிறது. பிரிக்கும்போது கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

உங்களுக்காக வரையவில்லை. தத்சுமியை ஏழு வருடமாகச் சுமந்தது என் வண்டிகள். கடைசி வளைவில் அவனைக் காற்றில் குந்தவைத்துவிட்டு என்னால் இருக்க முடியாது. வண்டி இல்லாமலே அந்தத் தோள்களில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று பார்த்தேன். ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன், போகட்டும். ஆக்ஸிலேட்டர் வலது கையில் இருக்கிறது. அப்பா சரிபார்த்தார்.

உங்கள் பேரத்தைப் பற்றி.

டாங்கில் என் பெயரை எழுதவில்லை. ஏழு வருடம் அதை நானே திருட்டுத்தனமாக எழுதினேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. நீங்கள் அனுமதி கொடுத்து, விளம்பரதாரர் மாதிரி, ஏதோ டயர் கம்பெனி மாதிரி நிற்க எனக்கு இஷ்டமில்லை. "ஒகாமி ரேசிங்"கையும் எழுதவில்லை. டாங்க் முழுக்க வெள்ளை மை பூசியிருக்கிறேன். உங்கள் ஸ்டூடியோவில் இருக்கிற அதே புட்டி, அதே கம்பெனி. ஃபோர்க்கில் ஸ்டிக்கர்கள் இருக்கின்றன, எண் இருக்கிறது, சைலன்ஸரில் கீறல்கூட இருக்கிறது. டாங்க் மட்டும் வெள்ளை. முந்நூற்று நாற்பது வாரம் நீங்கள் செய்த வேலையை இந்த ஒரு வாரம் நான் செய்துவிட்டேன், எல்லோருக்கும் தெரிகிற அளவில்.

பிடிக்கவில்லையென்றால் நீங்களே அதன்மேல் எதையாவது எழுதிக்கொள்ளலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் டாங்க் வளைந்திருக்கிறது, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. எழுத்தும் கூடவே வளைய வேண்டும். நீங்கள் எழுதினால் காயத்துக்கு பிளாஸ்திரி ஒட்டினது போல் இருக்கும். உங்களுக்கே தெரியும்.

சயோ

பி.கு.: நீங்கள் அனுப்பிய முகம் வந்தது. மூக்கு ரொம்ப நீளம்.


நெரிமா
ஜூலை 29

நிராசாகிக்கு,

படுபாவி.

பக்கம் வந்த அன்றைக்கு டாங்கைப் பார்த்து ஒரு மணி நேரம் கத்தினேன். "ஒகாமி ரேசிங்" என்று வேறொரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிளாஸ்திரி மாதிரியேதான் இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இருபதாம் தேதி இதழ் வந்தது. நேற்று நுமாதா அட்டைகளைக் கொண்டுவந்தார். வழக்கமாக ஒரு உறையில் போட்டுக் கொண்டுவருவார். நேற்று நாலு சாக்கு, டாக்ஸியில். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். "முதல் எடம்யா! ரெண்டு வருஷத்துக்கப்புறம் முதல் எடம்!"

சாக்கைக் கொட்டி வாசித்தோம். அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். டாங்க் ஏன் வெள்ளையாக இருக்கிறது? செந்தாயிலிருந்து ஒருவன், செத்துப்போன ரேசர் ஒருவனுக்கு அஞ்சலி என்கிறான். ஒகாயாமாவில் ஒருவன், தத்சுமி டீமை விட்டு விலகிவிட்டான், தனியாக ஓட்டுகிறான் என்று கண்டுபிடித்திருக்கிறான். ஒரு பள்ளிக்கூட வகுப்பே சேர்ந்து எழுதியிருக்கிறது. நாகானோவில் மெக்கானிக் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், அவர் எழுதியது: "ஜூன் மாதம் வண்டி வரைந்தவர் வேறு. இந்த வாரம் பழைய ஆள் திரும்ப வந்திருக்கிறார். அந்த வெள்ளை இடம் அவருடையது என்று நினைக்கிறேன். அவர் யார்?"

அந்த அட்டையை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நுமாதா பார்த்துவிட்டார். "அதை எடு. யாருய்யா அது?" என்றார்.

என்ன செய்வேன்? சொன்னேன். லைசென்ஸ் இல்லை என்பது வரைக்கும் சொன்னேன். அவர் வாசலில் நின்ற கூடை சைக்கிளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பத்து வாரம் நீட்டலாம், அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றார். முடியாது என்றேன். கூப்பிட்டால் நீ வரமாட்டாய், எனக்கும் இந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட வாய் வராது. கதை முதலில் சொன்னபடியே ஆகஸ்டில் முடியட்டும்.

கடைசி அத்தியாயம் வரும் இதழில், கடைசிப் பக்க மூலையில் அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத வேண்டும் என்று நுமாதா சொல்லிவிட்டார். ஒரே வரி. எழுத்துகளை எண்ணித்தான் இடம் கொடுப்பார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கௌரவமாக எழுதிப் பார்த்தேன், "எங்கள் கூட்டு முயற்சி" என்று. வேடிக்கையாக எழுதிப் பார்த்தேன். எதுவும் அந்த நாகானோ மெக்கானிக்குக்குப் பதிலாக இல்லை. முடிவில் எழுதியது இது:

"ஏழு வருடமும் எல்லா வண்டிகளையும் வரைந்தவர் நிராசாகி சயோ. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

இடம் அவ்வளவுதான் இருந்தது. வழக்கமாகக் கீழே என் பெயர் வரும், அதற்கு இடமில்லாமல் போயிற்று. ஆகஸ்ட் பதினேழு திங்கள்கிழமை வருகிறது.

இதற்காக நன்றிக் கடிதம் எழுதித் தொலைக்காதே. நான் நல்லவனாகிவிடவில்லை. நீ என்னை மாட்டிவிட்டாய், நான் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். மூக்கு சரியான நீளம்தான்.

உன் அப்பாவிடம் ஒன்று சொல். அவர் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை.

உஷியாமா தெய்ஜி


ஹமாமத்சு
ஆகஸ்ட் 18

சென்செய்,

நன்றிக் கடிதம் இல்லை, பயப்படாதீர்கள். முந்நூற்று நாற்பது வாரத்துக்கு ஒரு வரி சமமாகாது. உங்களை நான் மன்னிக்கவும் இல்லை. கடைசி அத்தியாயம் ஒன்பதாம் பக்கத்தில் பின் பிரேக் மிதி இடது காலில் இருக்கிறது. மறுபடியும் ஸ்லைடைத் திருப்பி வைத்தீர்களா?

நடந்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

நேற்றுக் காலை அப்பா இதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை. நேராக ஒகாபே சலூனுக்குப் போயிருக்கிறார். அவருக்கு வெட்ட முடியே இல்லை, போன வாரம்தான் வெட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டச் சொல்லிவிட்டு, இதழின் கடைசிப் பக்கத்தை ஒகாபே கையில் கொடுத்து, "சத்தமா வாசி" என்றாராம். பூதக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒகாபே வாசித்தான். அந்த ஆறு பேரில் நாலு பேர் இருந்தார்கள். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை ஒகாபே தானாகவே வாசித்தானாம்.

வீட்டுக்கு வந்து இதழை மேஜைமேல் வைத்தார். என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அவர் பார்க்கக் கூடாதென்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். அப்போது பின்னாலிருந்து கேட்டார்.

"ஏம்மா, வண்டியெல்லாம் நீதான் வரைஞ்சே. சரி. அப்ப அங்க டீ போட்டது யாரு?"

நான் வரைந்துகொண்டிருக்கும்போது வேலையில்லாமல் ஸ்டூடியோவுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டு, மணிக்கொரு தரம் சமையலறைக்குள் போய், தட்டில் கோப்பைகளோடு திரும்பி வந்தவர் யார் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"சென்செய்தாம்ப்பா போடுவாரு. அது ஒண்ணு மட்டும் அவருக்கு நல்லா வரும்."

நிராசாகி சயோ